மேப்பிள் சாறு வரவில்லை, வந்தது பாணியாகவில்லை: பிழை எங்கே என்று பார்ப்பது எப்படி

மார்ச் பிறந்ததும் எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரித்தான். "துளை போட்டாச்சு, ஒரு சொட்டும் இல்லை." "சாறு மஞ்சளா இருக்கு, காய்ச்சலாமா?" "நாள் முழுக்கக் காய்ச்சினேன், ஒரு கோப்பைதான் மிச்சம்." ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஊர்களில், பின்வளவில் நிற்கும் நாலைந்து மரங்களை நம்பி, வாளியும் காஸ் அடுப்புமாக, மரச்சாற்றை வற்றவைத்து மேப்பிள் பாணி (சிரப்) காய்ச்சுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காடு முழுக்கக் குழாய் இழுத்து பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

எந்தக் கோளாறு என்றாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் வானிலை, பிறகு துளை, பிறகு வாளி, அடுப்பு. மரத்தின் மேல் பழி போடுவது கடைசியில். "இது சுகர் மேப்பிள் இல்லை, அதனால்தான்" என்று பலர் கேள்வியையே மூடிவிடுகிறார்கள். ஆனால் இங்கே நிற்கும் எல்லா மேப்பிளும் சாறு தரும். வகைக்கு வகை மாறுவது இனிப்பின் அளவும் மொட்டு வெடிக்கும் காலமும்தான்.

மரம் எந்த வகை என்றே தெரியவில்லை

பெப்ரவரியில் இலை இருக்காது. சிறு கிளைகளைப் பாருங்கள். ஒரே கணுவில் இரண்டு கிளைகள் எதிரெதிராகக் கிளம்பினால் மேப்பிளாக இருக்கலாம்; ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறிக் கிளம்பினால் மேப்பிள் இல்லை, ட்ரில்லை உள்ளே வையுங்கள். ஆஷ் மரத்துக்கும் குதிரைச் செஸ்நட்டுக்கும் எதிரெதிர்க் கிளைதான், ஆனால் அவற்றின் குச்சிகள் தடித்து முரட்டுத்தனமாக இருக்கும். அடுத்தது மொட்டு.

மொட்டு மண்ணிறம், ஒல்லி, ஊசிமுனை மாதிரிக் கூர்மை: சுகர் மேப்பிள். கறுப்பு மேப்பிளும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். பாணிக்கு இரண்டும் ஒன்றே, பிரித்துப் பார்க்க மெனக்கெட வேண்டாம்.

மொட்டு சிவப்பு, மொட்டை முனை, கொத்துக் கொத்தாக: ரெட் மேப்பிள் அல்லது சில்வர் மேப்பிள். ஒரு குச்சியை முறித்து முகருங்கள். கெட்ட வாடை அடித்தால் சில்வர். வயதான சில்வர் மேப்பிளின் பட்டை நீளநீளமாக உரிந்து தொங்கும். புதிய குடியிருப்புகளில் மாநகராட்சியும் வீடு கட்டுபவர்களும் நட்டிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டின் கலப்பான ஃப்ரீமன் மேப்பிள். அதுவும் சாறு தரும், ஆனால் அநேகமாக இன்னும் மெலிந்த மரமாகத்தான் நிற்கும்.

மொட்டு பருத்து, பச்சையும் ஊதாவும் கலந்த நிறம்: நோர்வே மேப்பிள். கோடையில் இலைக்காம்பை ஒடித்தால் பால் வடியும், அதுதான் சந்தேகமில்லாத சோதனை. கோடை முழுக்க இலை கருஞ்சிவப்பாக இருக்கும் மரத்தைப் பலர் ரெட் மேப்பிள் என்று காட்டுவார்கள். அது அநேகமாக 'கிரிம்சன் கிங்' என்ற நோர்வே வகை. அசல் ரெட் மேப்பிளுக்குக் கோடையில் இலை பச்சைதான்.

குச்சி பச்சை நிறம், மேலே வெள்ளைப் பொடி பூசியது போன்ற படலம், போன வருட விதைகள் இன்னும் தொங்குகின்றன: மனிற்றோபா மேப்பிள். ஆள் வைக்காமலே வேலியோரம் முளைக்கும் மரம். களை என்று வெட்டுகிறார்கள். பாணிக்கு ஒன்றும் மோசமில்லை.

குளிர்காலத்தில் தலையை உடைத்துக்கொள்வதைவிட, செப்டெம்பரில் இலை இருக்கும்போதே மரத்தில் ஒரு ரிப்பனைக் கட்டி வகையைக் குறித்து வைப்பது எளிது. பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு மரமும் வேறு, அகன்ற இலை மேப்பிள். அங்கே மழைக்காலத்திலேயே சாறு எடுப்பார்கள். இங்கே நான் சொல்லும் காலக்கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

துளை போடுவதற்கு முன் அளவுநாடாவை நெஞ்சளவு உயரத்தில் சுற்றிப் பாருங்கள். சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குக் குறைவா, விட்டுவிடுங்கள். ஒன்றரை மீற்றர் வரை ஒரு துளை. அதற்கு மேல் போனால் இரண்டு. மூன்றாவது துளை பேராசை.

இன்னொன்று, மரம் யாருடையது? நடைபாதையை ஒட்டி முன்புல்லில் நிற்பது அநேகமாக மாநகராட்சியின் மரம், நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தாலும் சரி. எல்லை வேலியில் நிற்கும் மரம் ஒன்ராறியோச் சட்டப்படி இரண்டு வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவிட்டுத் துளை போடுங்கள்; முதல் போத்தல் அவர்களுக்கு என்றால் மறுக்கமாட்டார்கள்.

துளை போட்டும் ஒரு சொட்டும் இல்லை

*வானிலை.* இரவில் உறைநிலைக்குக் கீழே, பகலில் 4 முதல் 7 பாகை செல்சியஸ். இந்த ஏற்ற இறக்கம் இருந்தால்தான் சாறு ஓடும். பகலும் சுழியத்துக்குக் கீழே என்றால் ஓடாது. இரவும் பகலும் சுழியத்துக்கு மேலே என்றாலும் ஓரிரு நாளில் நின்றுவிடும். தொலைபேசியில் நாளைய வானிலையைப் பார்த்தாலே பாதிப் பேரின் பிரச்சினை தீர்ந்தது. தெற்கு ஒன்ராறியோவில் பெப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் இந்த ஆட்டம். வெயில் படும் தெற்குப் பக்கத்துத் துளை காலையிலேயே தொடங்கும். வடக்குப் பக்கம் மதியம் வரை தூங்கும். ஆகவே காலை 9 மணிக்குப் பார்த்துவிட்டு முடிவு கட்டவேண்டாம், பின்னேரம் 3 மணிக்குப் போய்ப் பாருங்கள்.

*துளை.* ட்ரில் வெளியே கொண்டுவரும் தூளின் நிறம் என்ன? வெண்மை அல்லது இளமஞ்சள் என்றால் உயிருள்ள மரம், பொறுத்திருங்கள். மண்ணிறம் என்றால் செத்த பகுதியில் துளைத்திருக்கிறீர்கள், எத்தனை நாள் நின்றாலும் வராது. பழைய துளை ஒவ்வொன்றின் மேலும் கீழும் நீளமாக ஒரு செத்த பட்டை மரத்துக்குள்ளே ஓடும், வெளியே தெரியாது. அதனால் புதுத் துளை பழையதிலிருந்து பக்கவாட்டில் 15 சென்ரிமீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். நேர் மேலேயோ நேர் கீழேயோ போட்டால் வம்பு. முறிந்த பெரிய கிளைக்கு நேர் கீழும் அப்படியே.

ஆழம் பட்டையோடு சேர்த்து 4 முதல் 5 சென்ரிமீற்றர் போதும். ட்ரில் பிட்டில் அந்த அளவுக்கு ஒரு நிறநாடாவைச் சுற்றிக்கொண்டால் தவறாது. துளை உள்நோக்கிச் சற்று மேலேறியிருந்தால் சாறு தானாக வெளியே வழியும்; கீழிறங்கியிருந்தால் உள்ளேயே தேங்கி உறையும்.

*ஸ்பைல்.* மரத்தில் செருகும் அந்தச் சின்னக் குழாயின் வாயில் மரத்தூளோ பனிக்கட்டியோ அடைத்திருக்கிறதா? கையால் இழுத்து எடுத்து, ஊதிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பிட்டும் ஸ்பைலும் ஒரே அளவா என்பதையும் பாருங்கள். இப்போது அதிகம் கிடைப்பது 5/16 அங்குலம், பழையது 7/16. சின்ன ஸ்பைலை வாங்கிவிட்டுப் பழைய பிட்டால் துளைத்தால் ஸ்பைல் ஆடும்.

*மரம்.* மேலே சொன்ன மூன்றும் சரி, பக்கத்து மரங்களில் ஓடுகிறது, இதில் மட்டும் ஒரு வாரமாக இல்லை என்றால் அந்த மரத்தை இந்த வருடம் விட்டுவிடுங்கள். இரண்டாவது இடத்தில், மூன்றாவது இடத்தில் என்று துளைத்துத் தேடவேண்டாம். கோடையில் உச்சிக்கிளைகள் இலை விடாமல் மொட்டையாக நிற்கின்றனவா, அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா, பட்டை தகடாக விழுகிறதா என்று கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் சான்றிதழ் பெற்ற மரவைத்தியர் ஒருவரைக் கூப்பிடும் நேரம். இங்கே ஆர்பரிஸ்ட் என்று தேடினால் கிடைப்பார்கள். மரம் வெட்டுவதை மட்டும் தொழிலாக வைத்திருப்பவரைக் கூப்பிட்டால் வெட்டத்தான் சொல்வார்.

அடிமரத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு உருண்டையான துளைகள் தெரிந்தால் அது வேறு கதை. 2003 இல் ரொறன்ரோ–வோன் எல்லையில் ஆசிய நீள்கொம்பு வண்டு பிடிபட்டு, மேப்பிள்கள் உட்பட ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டவேண்டி வந்தது. 2013 இல் மிசிசாகாவில் மறுபடி வந்தது. இப்போது ஒழிக்கப்பட்டதாக அறிவித்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் படம் எடுத்துக் கனேடிய உணவு ஆய்வு முகமைக்கு அனுப்புங்கள். விறகாக்கி வேறு ஊருக்கு எடுத்துப் போகவேண்டாம்.

ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது

இதற்கும் முதல் காரணம் வானிலைதான். ஒரு வெப்ப வாரம் வந்தால் நிற்கும், மறுபடி இரவு உறைந்தால் தொடங்கும். காற்று பலமாக அடிக்கும் நாளிலும் குறையும்.

நல்ல இரவு உறைவுக்குப் பிறகும் வரவில்லை, துளை போட்டு நாலு முதல் ஆறு வாரம் ஆகிவிட்டது என்றால், துளை காய்ந்து மூடத் தொடங்கிவிட்டது. மரம் தன் காயத்தை ஆற்றுகிறது, அவ்வளவுதான். பெப்ரவரி நடுவிலேயே ஆசைப்பட்டுத் துளைத்தவர்களுக்கு நல்ல ஓட்டம் வரும் மார்ச்சில் இப்படி ஆகும். அதே துளையை இன்னும் ஆழமாகக் குடைவது, பக்கத்தில் இன்னொன்று போடுவது, இரண்டையும் செய்யவேண்டாம். அடுத்த வருடம் 14 நாள் முன்னறிவிப்பைப் பார்த்துத் துளையுங்கள்.

ஸ்பைலைச் சுற்றி ஒழுகுகிறது, பட்டை வெடித்திருக்கிறது

ஸ்பைலுக்கு நேர் மேலும் கீழும் மெல்லிய கோடு தெரிந்தால் ஓங்கி அடித்துவிட்டீர்கள். சுத்தியலின் ஒலி மந்தமான 'டப்'பிலிருந்து இறுகிய 'டக்'குக்கு மாறும் கணத்தில் நிறுத்தவேண்டும். மரம் உறைந்து கல்லாக இருக்கும் நாளில் அடித்தாலும் வெடிக்கும். சுழியத்துக்கு மேல் ஏறிய மதியத்தில் துளைப்பது அதனால்தான். வெடிப்பில்லாமல் சும்மா ஒழுகினால் இன்னும் இரண்டு மென்தட்டு. வெடித்திருந்தால் பசை, மெழுகு எதுவும் பூசவேண்டாம். கிடைத்தது போதும் என்று விட்டுவிடுங்கள்.

சாறு கலங்கியிருக்கிறது, மஞ்சளாக இருக்கிறது, வாளியில் ஏதோ மிதக்கிறது

நல்ல சாறு தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். மாறினால் இப்படிப் பிரியுங்கள்:

பூச்சி, பட்டைத்துகள் மட்டும் மிதக்கிறது, சாறு தெளிவு: துணியில் வடித்துவிட்டுக் காய்ச்சுங்கள். வாளிக்கு மூடி போடுங்கள். மழை நீரும் அணிலும் உள்ளே வராமல் இருக்கவும் அதே மூடிதான் மருந்து.

மேலே பனிக்கட்டி: எடுத்து வீசுங்கள். அதில் சீனி மிகக் குறைவு, மிஞ்சிய சாறு இன்னும் இனிக்கும். உலோகப் பானை வருவதற்கு முன்பே இந்த மண்ணின் பூர்வகுடிகள் சாற்றை இரவில் உறையவிட்டு, கட்டியை அகற்றியும் கெட்டியாக்கினார்கள். காஸ் காசு மிச்சம்.

இலேசான கலங்கல், வாடை இல்லை: இன்றைக்கே காய்ச்சுங்கள். பாணி கறுப்பாக வரும், சாப்பிடலாம்.

பால்போல் கலங்கல், அல்லது மஞ்சள், புளித்த வாடை, விரலில் நூல் இழுக்கிறது: கொட்டுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், கெட்ட சுவை சாகாது.

காரணம் எப்போதும் சூடும் நேரமும். சாற்றை 4 பாகைக்குக் கீழே வைத்து, சில நாட்களுக்குள் காய்ச்சிவிட வேண்டும். வடக்குச் சுவரோரம் பனிக்குவியலில் வாளியைப் புதைத்து வைக்கலாம். பத்துப் பாகை வெயிலில் இரண்டு நாள் கிடந்த வாளியைக் காட்டி "மரம் சரியில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை.

வாளியையும் கவனியுங்கள். உணவுக்கு ஏற்ற பிளாஸ்ரிக்காக இருக்கவேண்டும். பேக்கரிகளில் ஐசிங் வந்த வாளி கேட்டால் தருவார்கள், அது நல்லது. ஊறுகாய் வந்த வாளி எத்தனை தரம் கழுவினாலும் ஊறுகாய் வாசனைதான். பழைய பொருட்கள் சந்தையில் அழகாக விற்கும் நாகத்தகட்டு மேப்பிள் வாளிகளின் பொருத்துகளில் ஈயம் இருக்கக்கூடும். பூச்செடி வைக்க வாங்குங்கள், சாறு பிடிக்க வேண்டாம்.

நாள் முழுக்கக் காய்ச்சியும் ஒரு கோப்பைதான்

இங்கேதான் மரவகை உண்மையில் கணக்கில் வருகிறது. 86 ஐச் சாற்றின் சீனி சதவீதத்தால் வகுங்கள். ஒரு லீற்றர் பாணிக்கு எத்தனை லீற்றர் சாறு வேண்டும் என்பது வரும். சுகர் மேப்பிளில் 2.5 சதவீதம் இருந்தால் 34 லீற்றர். 2 சதவீதம், 43. ரெட், சில்வர், நோர்வே, மனிற்றோபா மரங்கள் பலவற்றில் ஒன்றரைக்கு அருகில்தான் இருக்கும்; அப்போது 57. ஒரு சதவீதச் சாறு என்றால் 86 லீற்றர் காய்ச்சவேண்டும், அதற்குக் கடையில் வாங்கிவிடலாம்.

ஆனால் இந்த எண்களை மரத்தின் பெயரோடு கட்டிப்போடாதீர்கள். காட்டுக்குள் நெருக்கடியில் நிற்கும் சுகர் மேப்பிளைவிட, திறந்த வளவில் கிளை பரப்பி நிற்கும் சில்வர் இனிப்பாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாக்கால் அளக்கமுடியாத வித்தியாசம் இது. 0 முதல் 32 பிரிக்ஸ் (சீனிச் சதவீதத்தின் அலகு) வரை காட்டும் ரிஃப்ராக்ரோமீற்றர் என்ற கையடக்கச் சீனி அளக்கும் கருவி ஒன்று இருந்தால் ஒவ்வொரு வாளியிலும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து, எந்த மரத்துக்கு அடுத்த வருடம் ஸ்பைல், எந்த மரத்துக்கு ஓய்வு என்று முடிவெடுக்கலாம். வாங்கும் கருவிகளில் இதற்குத்தான் என் முதல் ஓட்டு.

சாறு போதும், சீனியும் போதும், ஆனால் வற்றவே மாட்டேன் என்கிறது என்றால் பாத்திரம் பிழை. ஆழமான குண்டான் வேண்டாம், அகலமான தட்டை எவர்சில்வர்ப் பாத்திரம் வேண்டும். நீராவி போவது மேற்பரப்பிலிருந்து. குளிர்ந்த சாற்றை ஒரேயடியாக ஊற்றிக் கொதியை அடக்காமல், பக்கத்து அடுப்பில் சூடாக்கிச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

காய்ச்சும்போது: பொங்குகிறது, அடிபிடிக்கிறது, குசினிச் சுவர் வியர்க்கிறது

பொங்கினால் நகக்கண் அளவு பட்டர் போதும். பாலுணவு ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு சொட்டுத் தாவர எண்ணெய். இதற்கு மேல் போட்டால் சுவையில் தெரியும்.

அடிபிடிக்காமலிருக்கப் பாத்திரத்தில் எப்போதும் மூன்று, நாலு சென்ரிமீற்றர் ஆழம் இருக்கவேண்டும். அடிபிடித்துவிட்டால் கிண்டாதீர்கள். மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மெல்ல மாற்றிச் சுவை பாருங்கள். கருகல் வாசம் ஏறியிருந்தால் அது போனதுதான். பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படலம் கருகல் அல்ல, சாற்றிலிருக்கும் உப்புக்கள். வினிகர் ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டால் கழன்றுவிடும்.

சுவர் வியர்த்தால் காய்ச்சும் இடம் பிழை. 40 லீற்றர் சாற்றை வீட்டுக்குள் காய்ச்சினால் 39 லீற்றர் தண்ணீர் சுவருக்கும் கூரைக்கும் போகிறது. அடுப்புக்கு மேலிருக்கும் ஃபான் இதற்குப் போதாது. வெளியே புரொப்பேன் அடுப்பில் காய்ச்சி, கடைசி இரண்டு மூன்று லீற்றரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். திறந்தவெளியில் 40 லீற்றர் காய்ச்ச 20 இறாத்தல் சிலிண்டரில் பாதிக்கும் மேல் போய்விடும், கையில் இன்னொன்று இருக்கட்டும்.

வெளியே குளிர்கிறது என்று அடுப்பைக் கராஜுக்குள் வைக்கிறார்கள். கதவைத் திறந்து வைத்திருந்தாலும் வேண்டாம். காபன் மோனொக்சைட்டுக்கு மணமில்லை. தலைவலி, குமட்டல் வந்தால், அல்லது வீட்டிலுள்ள அலாரம் அடித்தால், அடுப்பைப் பற்றி யோசிக்காமல் எல்லோரும் வெளியே வந்து 911 ஐ அழையுங்கள்.

பாணி தண்ணியாக இருக்கிறது, அல்லது போத்தல் அடியில் கற்கண்டு விளைகிறது

இரண்டும் ஒரே பிழையின் இரு பக்கம். பதம் தப்பியது. ஊரில் பனங்கட்டி காய்ச்சிப் பழகிய கை, கம்பிப் பதம் வரும்வரை பாத்திரத்தை இறக்காது. மேப்பிள் பாணிக்கு அந்தப் பதம் அதிகம். சூடாக இருக்கும்போது தண்ணியாகத் தெரிவதுதான் சரியான பாணி, ஆறினால்தான் கெட்டிப்படும்.

நம்பவேண்டியது வெப்பமானியை. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 பாகை மேலே வந்ததும் இறக்குங்கள். பொதுவாக 104 என்பார்கள். ஆனால் காற்றழுத்தத்தைப் பொறுத்துத் தண்ணீர் கொதிக்கும் சூடே ஒரு பாகை வரை இறங்கும், ஏறும். உங்கள் வெப்பமானியும் பொய் சொல்லலாம். எனவே அன்றைக்கே, அதே வெப்பமானியால், கொதிக்கும் வெறுந்தண்ணீரை அளந்து அதோடு 4 கூட்டுங்கள். கடைசிக் கட்டத்தில் சூடு மிக வேகமாக ஏறும், அந்த நேரம் தொலைபேசி எடுக்கப் போகவேண்டாம்.

பாணியில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்க்கும் கண்ணாடிக் குழாயான ஹைட்ரோமீற்றர் வைத்திருப்பவர்களுக்கு இலக்கு 66 பிரிக்ஸ், 67 ஐத் தாண்டாமல். அது ஒத்துவரவில்லை என்றால்: சூடான பாணிக்குரிய கோட்டையும் ஆறியதற்குரிய கோட்டையும் மாற்றிப் பார்க்கிறீர்களா? கண்ணாடிமேல் பழைய பாணி காய்ந்து ஒட்டியிருக்கிறதா? உள்ளிருக்கும் அளவுத்தாள் நழுவியிருக்கிறதா? நழுவியிருந்தால் புதிதுதான் வாங்கவேண்டும்.

தண்ணியாக இருந்தால் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். அப்படியே விட்டால் புளிக்கும். கற்கண்டு விளைந்திருந்தால் கொஞ்சம் சாறோ தண்ணீரோ சேர்த்து மெல்லச் சூடாக்கி, மறுபடி அளந்து போத்தலில் அடையுங்கள். கற்கண்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பாணி கலங்கியிருக்கிறது, நாக்கில் மணல்போல் நெறுநெறுக்கிறது

இது அழுக்கல்ல. சாற்றிலிருக்கும் கல்சியம் மலேற் போன்ற உப்புக்கள் கெட்டியாகும்போது பிரிந்து விழுவது. இங்குள்ளவர்கள் சுகர் சாண்ட் என்பார்கள். உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

வடிகட்டாமல் விட்டிருந்தால் ஓரிரு நாள் அடங்கவிட்டு, தெளிந்ததை மேலாக இறுத்து, திரும்பச் சூடாக்கி அடையுங்கள். செலவில்லாத வழி இது. கோப்பி வடிகட்டும் தாள் உடனே அடைபடும். மெல்லிய துணியோ மணலை அப்படியே விட்டுவிடும். இதற்கென்றே விற்கும் தடித்த கூம்பு வடிகட்டியை முதலில் வெந்நீரில் நனைத்து, பாணி கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். பிழியக்கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவவும் கூடாது, அந்த வாசனை அடுத்த வருடப் பாணியில் வரும்.

வடிகட்டியும் மறுநாள் கலங்கினால், போத்தலில் அடைக்கும்போது திரும்பக் கொதிக்கவைத்திருப்பீர்கள். 82 பாகைக்கு மேலே இருக்கவேண்டும், 93 ஐத் தொடவேண்டாம். அதற்கு மேல் போனால் புது மணல் பிரியும்.

போத்தலில் பூஞ்சணம்

82 பாகைக்குக் கீழே ஆறியபின் அடைத்தது, அல்லது 66 பிரிக்ஸ் வராமல் அடைத்தது. வேறு காரணம் அரிது. அடைத்தவுடன் போத்தலைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சூடு மூடியையும் சுத்தமாக்கும். திறந்த போத்தல் ஃபிரிட்ஜுக்குள். பூஞ்சணத்தை வழித்துவிட்டுக் கொதிக்கவைத்துச் சாப்பிடும் பழைய ஆட்கள் உண்டு. நான் கொட்டச் சொல்வேன்.

நிறம் கறுப்பு

பிழையே இல்லை. பருவம் பிந்தப் பிந்த நிறம் ஏறும், சுவையும் ஏறும். கடைகளில் தங்கம், அம்பர், கடும் நிறம், மிகக் கடும் நிறம் என்று நாலாகப் பிரிப்பது நிறத்தையும் சுவையின் அழுத்தத்தையும் வைத்துத்தான், நாலும் முதல்தரம். எனக்குப் பிடித்தது மூன்றாவது.

சுவை கெட்டிருக்கிறது

புளிப்பு என்றால் சாறு பழசு. கருகல் என்றால் அடுப்பு. பிளாஸ்ரிக், சவர்க்காரம், ஊறுகாய் என்றால் பாத்திரம். இவை எளிது.

அவித்த கோவா (முட்டைக்கோஸ்) மாதிரியோ, மலிவான சொக்லேற் மாதிரியோ ஒரு வாடை வந்தால் மரம் மொட்டு வெடிக்கத் தொடங்கிவிட்டது. இதற்குத் திருத்தம் இல்லை. வடிகட்டினாலும் போகாது, காய்ச்சினால் இன்னும் கூடும். வகைகளைக் கலந்து வைத்திருப்பவர்கள் அடிக்கடி மாட்டுவது இதில்தான். சில்வர் மேப்பிளும் ரெட் மேப்பிளும் சுகர் மேப்பிளைவிட முந்தி மொட்டு விடும். சுகர் மேப்பிளில் இன்னும் நல்ல சாறு ஓடிக்கொண்டிருக்கும்போது சில்வரின் ஒரு வாளி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஆகவே வாளிகளில் மரவகையை எழுதி ஒட்டுங்கள். மார்ச் நடுவிலிருந்து தினமும் அண்ணாந்து மொட்டைப் பாருங்கள். உப்பி, நிறம் தூக்கலாகத் தெரிந்தால் அந்த மரத்தின் ஸ்பைலைக் கழற்றிவிடுங்கள். சந்தேகமாக இருக்கும் சாற்றை ஒரு கோப்பை மட்டும் சின்னச் சட்டியில் வற்றவைத்து முகர்ந்து பாருங்கள். கெட்டது என்றால் அந்தச் சூட்டிலேயே தெரிந்துவிடும், 40 லீற்றருக்கும் காஸ் எரிக்கத் தேவையில்லை.

ஸ்பைலைக் கழற்றியபின் மரம் வடிகிறது, துளை மூடவில்லை

சில நாள், சில வாரம்கூட வடியும். பட்டையில் கறுப்புக் கோடு இறங்கும், எறும்பு வரும். இவையெல்லாம் வழமை. கட்டை, மெழுகு, சீமெந்து, சூயிங்கம் எதையும் அடைக்கவேண்டாம். மரத்துக்குத் தன் காயத்தை மூடத் தெரியும். ஸ்பைலை மட்டும் மறக்காமல் கழற்றுங்கள். உள்ளேயே விட்டால் மூடமுடியாது.

நல்ல மரம் ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் துளையை மூடிவிடும். மூன்று வருடம் தாண்டியும் வாய் திறந்திருந்தால், அல்லது துளையைச் சுற்றிப் பட்டை கழன்று வந்தால், அந்த மரத்தில் இனித் துளைக்கவேண்டாம், மரவைத்தியரைக் கூப்பிடுங்கள். கோடையில் மயிர்க்கொட்டி இலை முழுவதையும் தின்றுவிட்ட மரத்துக்கும், அருகில் கட்டட வேலை நடந்து வேர் வெட்டுப்பட்ட மரத்துக்கும் ஒரு வருடமாவது ஓய்வு கொடுங்கள். பூச்சிமருந்தை அடிமரத்தில் ஊசியாக ஏற்றிய மரம் என்றால், எப்போது, எந்த மருந்து என்று ஏற்றியவரிடம் கேட்டு, சாறு எடுக்கலாம் என்று அவர் எழுத்தில் தரும்வரை அதைத் தொடாதீர்கள்.